அத்தை வருவதற்கு முந்திய சனிக்கிழமை

எங்கள் நாய்க்குட்டிக்குத் தன் பீயோடு விளையாடுவதில் அலாதிப் பிரியம். இதை நாகரிகமாகச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் குட்டி அதை நாகரிகமாகச் செய்யவில்லையே. முன்னங்காலால் உருட்டும். உருண்டதைத் துரத்தும். பிடித்து மூக்கால் தள்ளி, மறுபடி துரத்தும். ஆட்டம் சலித்தால் அதன்மேலேயே படுத்துப் புரளும். சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்ததும், இத்தனை அலங்காரத்தோடும் என் மேல் தாவி, என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. பாயா ரும்புட்டில் ஒரு வரிசை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் சுங்கை ஊடாங்கில் எண்ணெய் ஆலைக்குள் குத்தகைக்காரரிடம் சாரம் கட்டும் வேலை பார்த்தேன். என் மனைவி டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றாள். காலை ஆறரைக்கு இரண்டு பேரும் கிளம்பினால், சமையலறைக்குப் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையில் குட்டி மட்டும் தனியாக இருக்கும். பத்து மணி நேரம் தனியாகக் கிடக்கும் ஒரு குழந்தை, கையில் கிடைப்பதை வைத்துத்தானே விளையாடும்? இந்த எளிய கேள்வி அப்போது எனக்குத் தோன்றவில்லை. எனக்கு எல்லாம் ஒரு பஸ் தாமதமாகத்தான் வந்து சேரும்.

அவள் டவுனை ஒட்டிய தெங்கேராவில் பிறந்து வளர்ந்த கிறிஸ்துவப் பெண். நான் தோட்டத்துப் பையன், தொழிலாளர் லயத்தில் பிறந்து ரப்பர் பாலில் முகம் கழுவியவன். பதிவுத் திருமணம்தான் செய்துகொண்டோம். அவளுக்கு அப்பா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இருந்த ஒரே அம்மா கல்யாணத்துக்கு வரவில்லை. வருவதற்குப் பதிலாக ஒரு வாசகத்தை மட்டும் சொல்லி அனுப்பினார்.

"லயத்து நாத்தம் ஏழு தடவ குளிச்சாலும் போவாது."

ஏழு என்ற கணக்கு அத்தைக்கு எங்கே கிடைத்தது என்று தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று நான் எட்டாவது தடவையும் குளித்துப் பார்த்தேன். வேலையிடத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிக்காமல் அதைச் சொன்னது மனைவியிடம் ஒரே ஒரு தடவைதான். அவள் என் சட்டையை மோந்து பார்த்து, "சோப்பு வாசந்தான் வருது, போங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமைதோறும் மத்தியானம் அவள் கடைப் போனிலிருந்து அம்மாவைக் கூப்பிடுவாள். அத்தை எடுப்பார். இவள் பேசுவதைக் கேட்பார். 'ம்' என்பார். பிறகு வைத்துவிடுவார். இரண்டு வருஷம் இப்படியே போனது. வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நான் வீட்டில் கொஞ்சம் அதிகமாகக் கோமாளித்தனம் பண்ணுவேன். அவள் சிரிப்பாள். ஆனால் கண்ணுக்கு அந்தச் சிரிப்பு வந்து சேராது.

அப்படி இருக்கும்போதுதான் வேலையிடத்தில் ஒரு பழைய குழாய்க்குள் குட்டி கிடைத்தது. பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தேன்.

"இத யாரு பாத்துக்கறது?" என்றாள்.

"நான்தான்."

"உங்களயே நான்தான் பாத்துக்கறேன்."

மறுநாள் காலையில் அவள் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கடையில் ஒரு அம்மா சேலை மாற்ற வந்து போட்ட சண்டையை அதற்கு விவரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

குட்டியின் இந்தக் கெட்ட பழக்கத்தை நிறுத்த, வேலையிடத்தில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். எங்கள் சீன மேஸ்திரி, "நானாஸ் கொடு லா, அன்னாசி தின்னா அதுக்கே அது பிடிக்காது" என்றார். கொடுத்தேன். குட்டி அன்னாசியைத் துப்பிவிட்டு ஆட்டத்துக்குப் போனது. ஒருவர் மிளகாய்த்தூள் தூவச் சொன்னார். தூவினேன். ஐந்து நிமிஷம் தும்மியது, பிறகு மசாலாவோடு விளையாடியது. என்னோடு சாரம் கட்டும் அண்ணன் ஒருவர்தான் உறுதியாகச் சொன்னார்.

"மூக்கப் புடிச்சு அதுலயே தேய்ச்சு, பேப்பர சுருட்டி ரெண்டு போடு தம்பி. நாய்க்கு ரோஷம் வரும்."

இரண்டு நாள் அப்படிச் செய்தேன். மூன்றாம் நாள் வந்து பார்த்தால் தரை சுத்தமாக இருந்தது. ரோஷம் வந்துவிட்டது என்று துள்ளிக் குதித்தேன். மனைவி குனிந்து குட்டியின் வாயைப் பார்த்தாள்.

"தின்னுருக்குங்க."

"எதை?"

"நீங்க வந்தா அடிப்பிங்கன்னு, நீங்க வர்றதுக்குள்ள தின்னு முடிச்சிருக்கு. நல்லாத்தான் பாடம் சொல்லிக் குடுத்திங்க."

அதோடு பேப்பரைப் பிடுங்கிக்கொண்டாள். மறுநாளிலிருந்து அவள் அரை மணி நேரம் முன்னதாக எழுந்தாள். சாக்கடைப் பக்கம் இருந்த புல்தரைக்குக் குட்டியைக் கூட்டிப்போய் நிற்பாள். அது எல்லாப் புல்லையும் மோந்து பார்த்து முடிக்கும்வரை நிற்பாள். முடித்ததும், "சமத்து, என் சமத்துல்ல" என்று கழுத்தைச் சொறிந்து, கவனத்தைத் திருப்பி, உடனே தூக்கிக்கொள்வாள். பீயை ஒரு தாளில் சுருட்டிப் போட்டுவிடுவாள். மத்தியானம் தனியாக இருக்கும்போது உருட்ட, பழைய துணியில் பந்து கட்டிக் கொடுத்தாள். மெதுவாகப் பலித்தது. ஐந்து நாளில் இரண்டு நாள் தரை சுத்தமாக இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை அவள் பஸ்ஸிலிருந்து ஓடி வந்தாள். நடந்தே பழகியவள், ஓடி வந்தாள்.

"அம்மா வர்றாங்களாம். அடுத்த ஞாயிறு, கோயில் முடிஞ்சு."

என் நல்ல குணம் ஒருவழியாகத் தெங்கேராவரை எட்டிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றவில்லை. தோன்றியதெல்லாம் அந்த ஏழு குளியல்தான். அத்தை கதவைத் திறந்து உள்ளே வருகிறார். மூக்கை இழுக்கிறார். நாய்ப் பீ நாற்றம். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்று மகளைப் பார்க்கிறார். அந்த வாரம் முழுக்க சாரத்தின் உச்சியில் நின்றபடி இதே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எனக்கு அரை நாள் வேலை. மனைவி கடைக்கு லீவு போட்டுவிட்டு, அத்தைக்குப் பிடித்த மீன் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். முதல் நாளே இரண்டு பேரும் முட்டி போட்டுத் தேய்த்துக் கழுவிய பின்தரையை ஆசையாகப் பார்க்கப் போனேன். குட்டி வேலையைக் காட்டியிருந்தது. மூலைக்கு மூலை, சுவரில் ஒரு முழ உயரம்வரை. துணிப்பந்தையும் அதில் புரட்டியிருந்தது.

தோட்டத்தில் பிறந்த ஆளுக்குச் சுத்தம் என்றால் ஒரே ஒரு வாசம்தான். வாரம் ஒருமுறை ஆஸ்பத்திரி வாளியோடு ஒருவர் வருவார். லயத்துச் சாக்கடை நெடுக மருந்து ஊற்றிக்கொண்டே போவார். தகரத்தில் கறுப்பாக இருக்கும், தண்ணீரில் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். அந்த நெடி மூக்கில் ஏறினால்தான் எங்கள் அம்மாவுக்கு வீடு சுத்தமானதாக அர்த்தம். பெரிய துரை வரும் நாளில் இரண்டு தடவை ஊற்றுவார்கள். எனக்கு இப்போது அத்தைதான் பெரிய துரை.

சாமான் கடைக்கு சைக்கிளில் போய் அதே மருந்தில் ஒரு டின் வாங்கி வந்தேன். தோட்டத்து ஆள் ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடிதான் ஊற்றுவார் என்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். ஒரு மூடிக்கே அவ்வளவு சுத்தம் என்றால், தண்ணீரே இல்லாமல் ஊற்றினால் எவ்வளவு சுத்தமாகும் என்று என் புத்தி கணக்குப் போட்டது. நெடிக்குப் பயந்து குட்டியும் அந்தப் பக்கம் போகாது, ஒரே கல்லில் இரண்டு மாங்காய். தரை முழுக்க ஊற்றித் துடைப்பத்தால் இழுத்துவிட்டேன். கழுவவில்லை. கழுவினால் வாசம் போய்விடுமே.

பிறகு வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து என் சாமர்த்தியத்தை ரசித்தேன். குட்டி ஈரத்தில் வழுக்கி விழுந்தது. எழுந்து மறுபடி வழுக்கியது. புது விளையாட்டு என்று நினைத்துக்கொண்டது போல. நான் சிரித்தேன். நன்றாக நினைவிருக்கிறது, சத்தமாகச் சிரித்தேன். அப்புறம் அது ஓர் ஓரமாகப் போய்ப் படுத்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி, பொறுமையாக நக்கிக்கொண்டிருந்தது. பீயை விட்டுவிட்டுக் காலை நக்குகிறதே, பரவாயில்லை, தேறிவிட்டது என்று நினைத்தேன்.

நாலு மணிக்கு மனைவி வந்தாள். "என்னங்க, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்று சிரித்துக்கொண்டே பின்னால் போனாள். அடுத்த நிமிஷம் அவள் கூப்பிட்ட குரல் வேறு மாதிரி இருந்தது. குட்டியின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. நாலு காலும் நடுங்கின. நிமிர்ந்தே இருக்கும் அந்தக் காதும் மடிந்திருந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேனில் டவுனுக்குக் கொண்டுபோனார். நாய் பார்க்கும் டாக்டர் ஒரு சீன அம்மா. குட்டியின் பாதங்களைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்த சதை வெந்து வெளுத்திருந்தது. தரையை எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று மலாயில் கேட்டார்.

"சாபுன்" என்றேன். சோப்பு. வாயைத் திறந்தால் ஏதாவது ஒரு வேடிக்கை வந்து விழும் ஆள் நான். அன்று விழுந்தது அதுதான்.

டாக்டர் ஒரு பாதத்தைத் தன் மூக்கருகே கொண்டுபோனார். மறுபடி கேட்கவில்லை. மனைவியும் என்னைப் பார்க்கவில்லை. வாளிக்குப் பின்னால் இருந்த மருந்து டின்னை அவள் ஏற்கனவே பார்த்திருந்தாள். குட்டியைக் குளிப்பாட்டினார்கள், வாய்வழி மருந்து கொடுத்தார்கள், ஊசி போட்டார்கள். காலைவரை தாங்கினால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

காலைவரை தாங்கியது. விடிந்ததும் அவள் மடியிலிருந்து தலையைத் தூக்கியது. அவள் வழக்கம்போல அதைப் புல்தரைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போனேன். கீழே விட்டதும், வெந்த காலோடு இரண்டு அடி வைத்தது. உட்கார்ந்தது. முடித்தது. திரும்பி அதை மோந்துகூடப் பார்க்காமல், அவளைப் பார்த்தது. கழுத்தைச் சொறிவதற்காகக் காத்துக்கொண்டு நின்றது.

"சமத்து" என்றாள். "என் சமத்துல்ல."

கழுத்தைச் சொறிந்துகொண்டே இருந்தாள். அது அவள் பாதத்தின்மேல் தலையை வைத்துப் படுத்தது. பிறகு எழுந்திருக்கவில்லை.

புல்தரையின் ஓரத்திலேயே குழி வெட்டினேன். துணிப்பந்தை அவள் கழுவி எடுத்து வந்து கூட வைத்தாள். கையைக் கழுவிவிட்டு மீனை அரிய உட்கார்ந்தாள். பதினொரு மணிக்கு டாக்ஸி வந்து நின்றது.

அத்தை நான் நினைத்ததைவிடக் குள்ளமாக இருந்தார். கோயில் சேலை, ஒரு கையில் கேக் டின், இன்னொரு கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே வந்தார். மூக்கை இழுத்தார். என் உடம்பு முழுக்க அந்த ஒரு மூச்சுக்காகக் காத்திருந்தது.

"வீடு சுத்தமா வச்சிருக்கிங்க, மாப்ள" என்றார்.

இரண்டு வருஷத்தில் முதல் 'மாப்ள'. பிளாஸ்டிக் பையை நீட்டினார்.

"கோழி ஈரல். உப்பு போடாம வேவ வச்சிருக்கேன். எங்க அவரு? பீ உருட்டுறவரு?"

பதிலுக்குக் காத்திராமல் அத்தை பேசிக்கொண்டே போனார்.

"வாரா வாரம் போன்ல அவர் கததான். வெறும் 'ம்' சொல்லி வைக்கலாம்னுதான் எடுப்பேன். அன்னிக்கு மிளகாத்தூள் கத சொன்னா பாருங்க. நடுவுல இவளுக்குச் சிரிப்பு வந்து பேசவே முடியல. எம்பொண்ணு சிரிச்சுக் கேட்டு ரெண்டு வருஷமாச்சு. எனக்கும் வந்துருச்சு. அதான், அந்தப் பீப்பயல ஒரு தடவ நேர்ல பாத்துட்டு வந்துரலாம்னு வந்தேன்."

"தூங்குது" என்றேன்.

மனைவி அப்போதுதான், முந்தின நாள் சாயங்காலத்துக்குப் பிறகு முதல் தடவையாக, என்னை நேராகப் பார்த்தாள். பிறகு அம்மா பக்கம் திரும்பினாள்.

"செத்துருச்சும்மா. காலையில. ஏதோ நோயி."

அத்தை பையைக் கீழே வைத்துவிட்டு மகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் நின்றபடியே அழுதார்கள். நான் அந்த ஈரலைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், அடுப்படியில் நின்றேன். இன்னும் சூடாக இருந்தது.

அந்த மருந்து டின்னை மனைவி என்ன செய்தாள் என்று தெரியாது. மறுநாள் காணவில்லை. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை, சண்டையில்கூடச் சொல்லிக் காட்டியதில்லை. அம்மாவிடமும் 'நோயி' என்பதை மாற்றிச் சொன்னதில்லை. அத்தைக்கு நான் இன்றுவரை சுத்தக்கார மாப்பிள்ளை. உறவுக்காரர்களிடம் என் வீட்டைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார். அப்போதெல்லாம் நான் ஏதாவது ஜோக் அடித்துப் பேச்சை மாற்றிவிடுவேன்.

அத்தைக்கு இப்போது கண்ணாடி போட்டும் எழுத்து மங்கலாகத்தான் தெரிகிறது. நான் எழுதும் இதையும் என் மனைவிதான் அவருக்குப் படித்துக் காட்டுவாள். இந்த இடம் வரும்போது அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். நிறுத்துவாள். தாண்டிவிடப் பார்ப்பாள்.

தாண்டாதே. படி.

அத்தை, அது நோயில்லை. நான்தான்.