பாட்டிலுக்கு ஒரு போர்வை

ஷார்ஜாவில் தினமும் காலையில் நான் செய்யும் முதல் வேலை, ஒரு பாட்டிலுக்குப் போர்வை போர்த்துவது. வெளியே தார் இளகும் வெயில். உள்ளே எலும்பைக் குடையும் ஏசி. பந்தயக் கார்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு பூட்டும் ஒர்க்‌ஷாப் இது. சில விநாடிகளுக்கு எஞ்சினின் பலத்தை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும் காஸ் அது. பாட்டில் குளிர்ந்தால் பிரஷர் இறங்கிவிடும். அதனால் கரண்டில் சூடாகும் போர்வையைச் சுற்றிவிட்டு, மீட்டர் முள் தொள்ளாயிரத்தைத் தாண்டும்வரை பக்கத்திலேயே நிற்க வேண்டும். ஆயிரத்தைத் தொடுமுன் அணைத்துவிட வேண்டும். முதல் நாள் வேலை தொடங்குமுன் பாட்டிலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். லெபனான்காரரான முதலாளி ஃபாதி ஓடிவந்து என் கையைப் புரட்டிப் பார்த்தார். "ஐஸ் பர்ன்?" என்றார், குளிர் சுட்டுவிட்டதோ என்ற பயத்தில். இல்லை, காட், சாமி கும்பிட்டேன் என்றேன். அன்றிலிருந்து எனக்குக் கையுறை கட்டாயம்.

இதையெல்லாம் செம்பாக்கத்தில் இருக்கும் செல்வத்துக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் ஒரே பட்டறையில் ஸ்பேனர் பிடித்தவர்கள் நாங்கள். ஏரிக்குப் பக்கத்தில் ஷெட் எடுத்து அவன் நடத்துவது, பிறகு நான் வந்து சேர்ந்துகொள்வது என்று பேச்சு. நான் ஊர் திரும்ப இருந்த ஒரே வழி அந்த ஷெட்தான். முதல் வண்டியாக மேடவாக்கத்து ஐடிக்காரர் ஒருவரின் கார் வந்தது. பெரிய ஷாட்டாக, அதாவது ஒரே மூச்சில் நிறைய காஸ் பாயும்படி கேட்டார். பெட்ரோலுக்குத் தனிப் பம்ப், சூடு தாங்கும் பிளக், தீப்பொறியைத் தாமதப்படுத்தும் செட்டிங், ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் மட்டுமே காஸ் திறக்கும் சுவிட்ச் என்று நான் சொன்ன எதிலும் செல்வம் பிசகவில்லை. போர்வை மட்டும் பாக்கி. லீவில் கொண்டுபோக ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

சோதனை ஓட்டம் ஒரு மார்கழிக் காலையில்.

"மச்சான், முள்ளு ஏறவே மாட்டேங்குது."

"போர்வை வரட்டும்டா. பொறு."

"கஸ்டமர் வந்து நின்னுகினு கீறாரு. வூட்ல காஸ் தீந்தா இன்னா பண்றோம்? சுடுதண்ணி அண்டாவுல சிலிண்டர வெச்சா ஒரு வேள சமையல் தேறுதுல்ல? நான் பாத்துக்கறேன்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டான். நம் வீடுகளில் யார்தான் அதைச் செய்ததில்லை? ஆனால் அடுப்பில் காஸ் கூடினால் தீ கூடும், அவ்வளவுதான். பாட்டிலில் பிரஷர் ஏறி எஞ்சினுக்குள் நைட்ரஸ் கூடினால் பெட்ரோலும் அதற்கேற்பக் கூட வேண்டும். இல்லையென்றால் பிஸ்டன் உருகிவிடும். முள் ஆயிரத்தையும் தாண்டி ஏறியதை அவன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருக்கிறான்.

மத்தியானம் கூப்பிட்டான். "உள்ள இன்னாவோ உருகிடுச்சு மச்சான்."

யாருக்கும் அடிபடவில்லை. பெயர்தான் போயிற்று. கார்ப் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் உருகிய பிஸ்டனின் படம் சுற்றியபின் வேறு வண்டி எதுவும் ஷெட்டுக்கு வரவில்லை. இப்போது அங்கே தண்ணீர் கேன்கள் அடுக்கியிருக்கிறார்களாம். செல்வம் மேடவாக்கத்தில் தண்ணி லாரி ஓட்டுகிறான். போன வாரம் லாரியிலிருந்து பேசினான்.

"எப்போ மச்சான் வர?"

"வந்து?" என்று கேட்டேன். போனை வைத்தபின் அழுதேன்.

காண்டிராக்டைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போட்டேன். "யூ லவ் ஷார்ஜா" என்று ஃபாதி முதுகில் தட்டினார். நான் கையுறையை மாட்டிக்கொண்டு பாட்டில் பக்கம் போனேன்.

செல்வத்துக்கு வாங்கிய போர்வை என்னிடமேதான் இருக்கிறது. தொழிலாளர் கேம்ப் அறையில் மற்றவர்களுக்கு ஏசி எப்போதும் போதாது. படுக்கும்போது அதைக் காலில் சுற்றிக்கொள்கிறேன். பாட்டில் அளவுக்குத் தைத்தது, பாதத்துக்கு மேல் எட்டாது. சூடும் ஏறாது. செம்பாக்கம் ஷெட்டின் சுவிட்ச்போர்டுக்கென்று நம் ஊர் உருண்டைக் கால் பிளக்கை அதில் மாட்டியிருந்தேன். இங்கே சுவரில் இருப்பவை சதுர ஓட்டைகள்.