பொன் கீறிய கத்தி

மஞ்சள் காமாலையை கிரீஸில் எங்கள் தெசலிப் பக்கத்தில் 'பொன்' என்பார்கள். வீட்டில் குந்துமணி தங்கம் இல்லாவிட்டாலும் நோய்க்குப் பெயர் பகட்டாக இருக்க வேண்டும்.

நாவிதர் திராசிவுலோஸின் கடைக்குச் சவரத்துக்கு வந்தவர்களைவிடப் பொன் கீறிக்கொள்ள வந்தவர்களே அதிகம். மேலுதட்டைத் தூக்கி, ஈறோடு ஒட்டிய சவ்வில் கத்தியால் ஒரு கீறல், அதன்மேல் நசுக்கிய பூண்டு. மூன்று வாரத்தில் கண் வெளுக்கும். தானாகவே வெளுத்திருக்குமே என்று எவரும் கேட்கவில்லை. மாவு மில் ஸிசிஸ் மட்டும் கீறிய பத்தாம் நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். "லேட்டா வந்துட்டான்" என்றார் திராசிவுலோஸ். ஊரும் அதையே சொன்னது.

திராட்சை பறிக்கும் மாதமொன்றில் அவர் கண்ணே மஞ்சளானது.

"ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றாள் மனைவி எவாந்தியா.

"நான் போனா நாளைக்கு எவன்டி என்கிட்ட உதட்டைக் காட்டுவான்?"

தன் கடைக் கண்ணாடி முன் நின்று தானே கீறிக்கொண்டார். நான்காம் நாள் உதடு கத்தரிக்காயாக வீங்க, குளிர் ஜுரத்தோடு அவரை டிராக்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

"யாரு கீறினது?" என்று கேட்டார் டாக்டர் அரெதி.

"பேர்போன ஆளும்மா. கண்ணாடில பார்த்தேன், என் ஜாடையாத்தான் இருந்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "பித்தக்குழாயில கல்லு அடைச்சிருக்கு. குடலுக்கு இறங்க வேண்டிய பித்தம் ரத்தத்துல தேங்கிடுச்சு. கிருமியைப் புடிச்சுத் தின்னுற அணுக்கள் எல்லாம் சோர்ந்து கெடக்கு. கல்லீரல்ல இருக்கிற காவலும் அப்படித்தான். இந்த நேரத்துல சின்னக் கீறலும் ஆறாது, சீழ் வைக்கும்."

"காவக்காரன் மயங்கிக் கெடக்கறப்போ கதவைத் தொறந்து விட்டிருக்கேன்."

"ஆமா, பெரியவரே."

"அப்ப நான் கீறிப் பிழைச்சவங்க?"

"நீங்க கீறியும் பிழைச்சவங்க."

பென்சிலினும் அறுவை சிகிச்சையும் அவரைக் காப்பாற்றின. ஊர் திரும்பியதும் பொன்னோடு வந்தவர்களை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார், ஒருவரும் போகவில்லை. கடைசியில் கத்தியின் மழுங்கிய முதுகால் சவ்வை ஒரு தடவு தடவி, "இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள டாக்டரம்மா பார்த்தாத்தான் பலிக்கும்" என்றார். ஓடினார்கள்.

கடையை மூடிப் பல வருஷமாகிவிட்டது. பூண்டும், சவரம் முடிந்து தடவும் கொலோனும் கலந்த அந்த வாசனைக்கு அவர் மூக்கு இன்னும் ஏங்குகிறது. பெஞ்சில் வரிசையாக மஞ்சள் கண்கள், அத்தனையிலும் அவர்மேல் நம்பிக்கை. அப்படி ஒரு பார்வை பிறகு அவருக்குக் கிடைக்கவே இல்லை.

நினைக்க நினைக்க இனிப்பாகத்தான் இருக்கும். பெஞ்சின் ஓரத்தில் மாவு மில் ஸிசிஸ் வந்து உட்காரும் வரை.