மறியல் அக்காவின் மாப்பிள்ளைகள்

"கையை எடுங்க. எடுங்கன்னா எடுங்க!"

எதிர் மேசைக்காரர் திருட்டு முழி முழித்தபடி மவுஸிலிருந்து கையை எடுத்தார். அவர் திரையில் சிவப்பு விழுந்திருந்தது. வழக்கம்போல 'மறுபடி ஓட்டு' பொத்தானை அமுக்கப் போனவரை, செருப்பைக்கூட மாட்டாமல் பாய்ந்து வந்து அக்கா தடுத்துவிட்டார். எங்கள் அலுவலகத்தில் இவருக்கு 'மறியல் அக்கா' என்று பெயர் வந்தது இப்படித்தான்.

நாங்கள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். யார் எதை மாற்றி அனுப்பினாலும், கணினி தானாகவே ஆயிரக்கணக்கான சோதனைகளை ஓட்டிப் பார்க்கும். எல்லாம் தேறினால் பச்சை. ஒன்று தவறினாலும் சிவப்பு. இவற்றில் சில சோதனைகள் காலையில் தேறும், மதியம் தவறும், சாயங்காலம் சமர்த்தாகத் தேறிவிடும். இத்தனைக்கும் நடுவில் ஓர் எழுத்தைக்கூட யாரும் தொட்டிருக்க மாட்டோம். அக்கா இவற்றை 'மாப்பிள்ளைங்க' என்பார். எதற்கு முறுக்கிக்கொண்டார், எப்போது இறங்கி வருவார் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாதாம். அந்த முறுக்குக்குக் காரணம் கண்டுபிடிப்பதுதான் அக்காவின் உத்தியோகம். நாங்களோ பச்சை வரும்வரை பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற ரகம்.

"எதுக்குக் கோச்சுக்கிட்டார்னு கேக்க மாட்டீங்க. சிரிச்சதும் இலையைப் போட்டுருவீங்க!" என்று வைவார்.

வீட்டிலும் இதே கூத்துதான். ஒருநாள் அவர் வீட்டுக்காரர் போன் செய்தார். பாதியில் நின்ற வாஷிங் மெஷின், ஒரு தடவை அணைத்துப் போட்டதும் ஓட ஆரம்பித்துவிட்டதாம். மனிதர் பாவம், பாராட்டை எதிர்பார்த்திருக்கிறார். "அணைச்சா போட்டீங்க? ஐயோ, தடயத்தையே அழிச்சுட்டீங்களே!" என்று அக்கா போட்ட சத்தத்தில் வரவேற்பறைப் பெண் எழுந்தே நின்றுவிட்டாள்.

அக்காவைப் பாடாய்ப் படுத்தியவர் மூத்த மாப்பிள்ளை. நோயாளிக்கு மூச்சுத் திணறினால் செவிலியரின் கைப்பேசியில் மணி அடிக்க வேண்டும். அடிக்கிறதா என்று பார்க்கும் சோதனை அது. அநேகமாக அடிக்கும். எப்போதாவது அடிக்காது. குறை சோதனையில்தான், மணியில் இல்லை என்று மேலாளர் தீர்ப்பே எழுதிவிட்டார். புதுப் பதிப்பு மருத்துவமனைகளுக்குப் போகவேண்டிய அன்று காலையில், அந்தச் சோதனையையே தூக்கிவிடச் சொன்னார்.

அக்காவுக்கு வந்ததே கோபம்! "நிஜமாவே மணி அடிக்கலைன்னா, சார்? அங்க படுத்திருக்கறவங்க மறுபடியா ஓட்டுவாங்க?"

"சாயங்காலம் வரைக்கும் பாருங்க. அப்புறம் என்னைக் கேக்காதீங்க."

அன்று முழுக்க அக்கா எங்களையே வேவு பார்த்து, காரணத்தைப் பிடித்துவிட்டார். டீ குடித்துவிட்டு வந்ததும் எல்லாரும் ஒன்றாக வேலையை அனுப்புகிறோம். அப்போது இரண்டு பேருடைய சோதனைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. இரண்டு மணிகள் சேர்ந்து கிளம்பினால், ஒன்று அமுங்கிப்போகிறது.

மேலாளருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அப்ப டீதான் வில்லன்! சோதனையைத் தனித்தனியா ஓட்டினா தீந்துச்சு."

"ஏன் சார், ரெண்டு பேருக்கு ஒரே நேரத்துல மூச்சுத் திணறக் கூடாதா? டோக்கன் வாங்கிட்டு வரணுமா?"

மேலாளர் அறையிலேயே ஒத்திகை நடந்தது. மேசைமேல் இரண்டு கைப்பேசிகள். நானும் எதிர் மேசைக்காரரும் நோயாளிகள். அக்கா கை தட்டியதும் இருவரும் ஆளுக்கொரு விசையை அமுக்க வேண்டும். அமுக்கினோம். இரண்டும் அடித்தன. மறுபடி அமுக்கினோம். இரண்டும் கணீரென்று அடித்தன. மேலாளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். எனக்கு அக்காவைப் பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

"இன்னும் ஒரே ஒரு தடவை," என்று கெஞ்சினார். மறுபடி ஓட்டச் சொல்லி அக்கா வாயிலிருந்தே ஒரு பேச்சு! நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அமுக்கினோம். எதிர் மேசைக்காரருக்கு மணி அடித்தது. எனக்கு அடிக்கவில்லை. வெறும் ஒத்திகைதான், ஆனாலும் நான் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.

"நெட்வொர்க்கா இருக்கும்," என்று அந்த ஊமைக் கைப்பேசியை எடுக்க மேலாளர் கையை நீட்டினார். அக்கா முந்திக்கொண்டார். அதை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டு, ஜிப்பை இழுத்து மூடினார்.

"இன்னைக்கு அனுப்பலைன்னு சொல்லுங்க சார். அப்புறம் தர்றேன்."

மேலாளர் அக்காவைப் பார்த்தார், பையைப் பார்த்தார், கடைசியில் போனை எடுத்து மருத்துவமனைக்காரர்களைக் கூப்பிட்டார். "இன்னைக்கு அனுப்ப முடியாதுங்க. மணியில ஒரு கோளாறு இருக்கு," என்று சொல்லி வைத்துவிட்டு, கைப்பேசிக்காகக் கையை நீட்டினார்.

"காரணம் தெரியற வரைக்கும் இது தடயம், சார்," என்று அக்கா பையைத் தன்னோடு இன்னும் நெருக்கமாக இழுத்துக்கொண்டார்.