பாதிக் கைடு, முழு டிக்

பிள்ளைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் புது டைம்டேபிள் ஒன்று முளைத்திருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்காக என் மகள் போட்டது. கணக்குக்கு நீலம், அறிவியலுக்குப் பச்சை என்று ஆறு கலர். அதைப் போட்டு முடிக்கச் சனிக்கிழமை முழுவதும் ஆனது. அந்தச் சனிக்கிழமைக்கு மட்டும் எந்தக் கலரும் இல்லை.

ஸ்கெட்ச் பேனா வாசனை மூக்கில் ஏறியதும் சிரித்துவிட்டேன். "எதுக்குப்பா சிரிக்கிற?" என்றாள். அவளிடம் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்கிறேன்.

ஓசூர்த் தொழிற்பேட்டையில் என் அப்பாவுக்கு ஷிப்ட் வேலை. வீட்டில் சோறு, குளியல், சண்டை எல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். ஒன்பதாம் வகுப்பை நான் ருசித்து இரண்டு வருஷம் படித்ததால், தங்கை சாந்தியும் நானும் ஒன்றாகவே பத்தாம் வகுப்புக்கு வந்து சேர்ந்தோம். சமூக அறிவியலுக்குக் கைடு ஒன்றே ஒன்று. இன்னொன்று கேட்டதற்கு அப்பா, "ஒரு மெஷினை மூணு பேரு ஓட்டறோம். ஒரு கைடை ரெண்டு பேரு ஓட்ட முடியாதா?" என்றார்.

ஸ்டடி லீவு விட்ட அன்றே காலண்டர் அட்டையின் பின்பக்கம் சார்ட் போட்டுவிட்டார். காலை ஏ ஷிப்ட் எனக்கு. சாயங்காலம் பி ஷிப்ட் சாந்திக்கு. மாற்ற வரும் ஆள், அதாவது ரிலீவர், வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. முடித்த பாடத்துக்கு டிக். கூடவே ஒரு மிரட்டல்: "ஃபெயிலானா பர்கூருக்குக் கிரானைட் கல்லு பாலீஷ் போடத்தான் போவ. சொல்லிட்டேன்."

இங்கேதான் என் மூளை வேலை செய்தது. ஏ ஷிப்டில் முடித்த பீஸை பி ஷிப்டில் மறுபடி ஓட்டுவதில்லையே! சாந்தியிடம் கைடை நீட்டி, "முதல் பாதிய நான் முடிச்சுட்டேன். மீதிய நீ பாத்துக்க" என்றேன். அவள் ஏற இறங்கப் பார்த்து, "சரிண்ணா" என்றாள். அந்தச் 'சரி'யில் இருந்த நக்கல் அன்று எனக்குக் கேட்கவில்லை.

சார்ட்டில் இரண்டு பேர் டிக்குகளும் சேர்ந்து குவிந்தன. அப்பா நின்று ரசித்து, "டார்கெட்டு முடிஞ்சிருச்சு போல" என்பார். யாரும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கவில்லை. டிக் இருக்கும்போது கேள்வி எதற்கு?

பரீட்சை ஹாலில் வினாத்தாளைப் பார்த்தால் பாதிக்கு மேல் பி ஷிப்ட் சரக்கு. இரண்டு பெஞ்சு தள்ளி சாந்தி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும், "ஏய், என் பாதியையும் நீ படிச்சியா?" என்றேன்.

"பின்ன? ஹால்ல என்னைய மாத்த நீயா வருவ, ரிலீவரு?"

அவள் பாஸ். நான் ஃபெயில். அப்பா சொன்ன சொல் தவறவில்லை, பர்கூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஒரு மாதம் கல் தூசி தின்றுவிட்டு வந்து, முழுக் கைடையும் நானே ஓட்டி, துணைத் தேர்வில் தப்பித்தேன். அதற்குச் சார்ட் எதுவும் போடவில்லை. அதனால் சொல்கிறேன், டைம்டேபிளைப் பத்து நிமிஷத்தில் போடுங்கள். டிக் அடிக்கும் முன் கைடை மூடிவிட்டு, படித்ததை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள்.

அந்தக் கைடு எடைக்குப் போனது. அப்பாவும் இல்லை. சாந்தி பெங்களூரில் இருக்கிறாள், பண்டிகைக்குப் பண்டிகை போன். என் மகளுக்குத் தனிக் கைடு, தனி அறை, சாத்திக்கொள்ளக் கதவு. சாயங்காலம் ஆனால் அன்றைய சாந்தி மாதிரி அந்தக் கதவைத் தட்டி, "எந்திரிண்ணா, என் ஷிப்ட்டு வந்துருச்சு" என்று கைடைப் பிடுங்கத்தான் ஆள் இல்லை.