பிலோமினாவின் வெற்று இலைகள்

1984 மார்ச், செவ்வாய். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் இறங்கி, பன்னிரண்டு வெள்ளி கொடுத்து டாக்சியில் ஜாலான் புசார் வந்து சேர்ந்தேன். எனக்குப் பிழைப்பு கோடம்பாக்கத்தில். சினிமா செட் கட்டுமுன் அது எப்படி இருக்கும் என்று வரைந்து காட்டுபவன். கான்செப்ட் ஆர்ட் என்பார்கள். தங்கியது, என் அண்ணனோடு படித்த அந்தோணி அண்ணன் வீட்டில். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார்.

புதன் காலை, காப்பி ஆறுவதற்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். ஒரே மகள் பிலோமினா பேங்க் வேலையை விட்டுவிட்டு லண்டனுக்கு ஓவியம் படிக்கப் போகிறாளாம்.

"எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. நீங்க சினிமாவுக்கே வரையிறவர். இன்னைக்கு அவ ஓவிய ஷோவைப் பாத்துட்டு நீங்க சொல்றதுதான் முடிவு லா."

பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அண்ணனும் நானும் கிளம்பினோம். சிராங்கூன் சாலைக்குப் பத்து நிமிட நடை. ஒரு பழைய கடைவீட்டின் மாடி. சுவரில் ஒரு படம்கூட இல்லை. தரையில் பாய் விரித்து, வரிசையாக வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தது. உச்சிவேளை, நல்ல பசி. சாப்பாடு போட்டுவிட்டுத்தான் படம் காட்டுவார்கள் போல என்று செருப்பைக் கழற்றிவிட்டு, ஓர் இலை முன் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். இலையைத் துடைத்தும் விட்டேன்.

"சோறு வரட்டும்மா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ போட்டோ வேறு எடுத்தார்கள். பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை.

"அங்கிள், ப்ளீஸ், எழுந்திருங்க. இதுதான் என் வொர்க்."

இலையில் உட்கார்ந்தவனைச் சோறு போடாமல் எழுப்புவதா! அதைவிட அவமானம் உண்டா? காது மடல் எரிந்தது. அந்த எரிச்சலில் அண்ணனிடம் மேதாவி மாதிரி சொன்னேன்: "இது வெறும் யோசனைண்ணே. செட்டுக்கு முன்னாடி நாங்க கிறுக்குவோமே, அந்த மாதிரி. வேலையே இனிமேதான் ஆரம்பிக்கணும்."

"அப்ப பேங்க் வேலைய விட வேண்டாம்," என்று மகளிடம் சொன்னார் அண்ணன். அவ்வளவுதான், முடிந்தது.

அவர் கீழே இறங்கியதும் அவள் என்னிடம் மெல்லச் சொன்னாள். "பின்னால ஒரு சந்து இருந்துச்சு அங்கிள். இடிச்சிட்டாங்க. அங்க இருந்த ஒவ்வொரு ஃபேமிலிக்கும் ஒரு இலை. எல்லாரும் வேற வேற ஃப்ளாட்டுக்குப் போயிட்டாங்க, யாரும் வரமாட்டாங்க. பரிமாறிட்டா இது வெறும் விருந்து. இதைக் கான்செப்சுவல் ஆர்ட்னு சொல்வாங்க."

அப்போதுதான் மண்டையில் ஏறியது. நான் வரைவது பின்னால் வரப்போகும் ஒன்றுக்காக. செட் எழும்பியதும் என் தாளில் தச்சர்கள் வடை மடிப்பார்கள். இவளுக்குப் பின்னால் வருவதற்கு ஒன்றுமில்லை. அந்த எண்ணமேதான் படைப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என் வாய்க்கு என்ன கேடு? வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மாலையே கடைக்குப் போய் அண்ணனிடம் சொன்னேன். "நான் சொன்னது தப்புண்ணே. கோபத்துல உளறிட்டேன். அனுப்பி வைங்க அந்தப் பொண்ண."

அவர் என் தோளைத் தட்டினார். "எங்க மனசு நோகக்கூடாதுன்னு பேசுறீங்க. மொதல்ல வாயில வந்ததுதான் உண்மை லா." மறுநாளும் சொல்லிப் பார்த்தேன். கேட்கவே இல்லை.

சனிக்கிழமை சாங்கி. அண்ணன் என் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நீங்க வராட்டி எம்பொண்ணு வாழ்க்கை வீணாப் போயிருக்கும்," என்று கண்கலங்கினார். பிலோமினா பக்கத்திலேயே நின்றாள். நம் ஊர்ப் பெண் என்றால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பாள்; எனக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும். இவள் என் பெட்டியை எடுத்துக் கொடுத்து, "பத்திரமா போயிட்டு வாங்க அங்கிள்," என்றாள்.