இரண்டாவது கட்டு

சுற்றியிருக்கும் செய்தித்தாளை முழுதாகப் பிரிப்பதற்குள் சாக்கியூசாவின் கட்டைவிரல் நடுவில் இறங்கிவிடும். இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க் கட்டு எந்தச் சந்தையிலிருந்து வந்தாலும் சரி, மேலே நல்ல வேரை அடுக்கி உள்ளே சொத்தையைச் செருகியிருப்பார்கள் என்பதில் அவருக்கு ஐயமே கிடையாது. ஒரு நுனியை ஒடித்துக் கடைவாயில் அதக்குவார். கண்ணை மூடுவார். துப்புவார். "மேல இருக்கறதப் பாத்து ஏமாற நான் என்ன பாதிரியாரா?" என்பார், பாதிரியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே.

வயது அறுபத்தேழு. ரேவா ஆற்றங்கரையில் வைநிவேசி ஊரின் தலைவருக்கு வாய் இவர்தான். தலைவர் வெளியாளிடம் நேராகப் பேசுவதில்லை. வருகிறவர் வேர்க்கட்டைப் பாயில் வைத்து வந்த காரியத்தைச் சொல்லவேண்டும். சாக்கியூசா அதைத் தொட்டு, உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டிவிட்டால் ஊர் ஏற்றுக்கொண்டது. தட்டாமல் தள்ளிவிட்டால் அந்தப் பேச்சு அதோடு செத்தது. பிறகு யாரும் அதை அந்த ஊரில் எடுக்க முடியாது. இப்படிப்பட்ட வேலையை எதையும் நம்பாத மனிதரிடம் கொடுத்தது யாருடைய புத்திசாலித்தனமோ, முப்பது வருடமாக வைநிவேசி யாரிடமும் ஏமாந்ததில்லை.

வானொலியில் இன்று மழை இல்லை என்றால் கொடியில் காயும், இடுப்பில் சுற்றும் சூலுவை உள்ளே எடுத்து வைப்பார். தகர டப்பாவில் அடைத்த மீனை முகர்ந்துவிட்டுப் பூனைக்கு ஒரு துண்டு வைத்து, அது நடந்து போவதைப் பார்த்த பிறகே தன் மரவள்ளிக் கிழங்கோடு சேர்த்துக்கொள்வார். மனைவி இருந்தவரை, "என்னையாவது நம்புறீங்களா?" என்று கேட்பாளாம். "உன்னத்தான் முதல்ல சந்தேகப்படணும். என்னையே கட்டிக்கிட்டவ நீ" என்பாராம். அவள் போன பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் குறைந்துவிட்டது.

நாட்டுக் கொடியை மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று அவர் யங்கோனாக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னது இது: "நம்ம கொடி மூலையில கெடக்கற வெள்ளக்காரன் கொடி எனக்கு மாமனா மச்சானா? கெடந்துட்டுப் போகுது. தெரிஞ்ச திருடன். இப்ப அதைத் தூக்கணும்னு வர்றானே, அவன் யாரு? இன்னிக்குக் கொடிய மாத்துறவன் நாளைக்கு நிலத்துல எழுதியிருக்கற பேர மாத்தமாட்டான்னு என்ன நிச்சயம்?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் அவர் சொல்லாத காரணம் ஒன்று அவர் கட்டிலுக்கு அடியில், தகரப் பெட்டிக்குள் இருந்தது. மூத்தவன் மெசாகே அமைதிப் படையில் போய், ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு பாலைவனத்திலிருந்து பெட்டியில் திரும்பி வந்தான். பெட்டிமேல் போர்த்தியிருந்த நாட்டின் இளநீலக் கொடியை மடித்து ஓர் அதிகாரி அப்பன் கையில் கொடுத்தார். அதை அவர் ஒருநாளும் விரித்ததில்லை. திறப்பார், விரலால் தொடுவார், மூடுவார். கொடி மாறிவிட்டால் அது என்ன? அவருடைய பிள்ளையைப் போர்த்தியது வெறும் பழைய துணியா? அந்தக் கேள்வியை யாரிடம் கேட்பது?

இதற்கிடையே வீட்டுக்குள்ளேயே இன்னொரு சந்தேகம் முளைத்தது. மகள் உனாயிசி, வட்டாரப் பள்ளியில் ஓவிய ஆசிரியை, முப்பத்தொரு வயது. இரண்டு சனிக்கிழமை தலைநகர் சூவாவுக்குப் போய்வந்தாள். உத்தரத்தின் மேல் ஒரு நீண்ட அட்டைக் குழாயை வைத்து, அதைத் தொடாதீர்கள் என்றாள். சாக்கியூசாவுக்கு வேறென்ன தோன்றும்? பேருந்து ஓட்டுநரை மடக்கினார்.

"என் பொண்ணு பக்கத்துல யார்றா உக்காந்திருந்தான்?"

"ஒரு சாக்கு மரவள்ளி உக்காந்திருந்துச்சு மாமா. ரொம்ப அடக்கமான பையன். பேசவே இல்ல."

அதையும் அவர் நம்பவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை மதியம், கொடி விஷயமாக ஊர்க் கருத்தைக் கேட்க நேமானி என்ற இளம் அதிகாரி வந்தார். சூவாவில் பிறந்து வளர்ந்தவர். சட்டை இஸ்திரி மடிப்பு கலையாமல் இருந்தது. பொதுவீட்டில் பாய் விரித்து ஊர் கூடியிருந்தது. மேல்முனையில் தலைவர், அவருக்குப் பக்கத்தில் சாக்கியூசா. கதவோரம் கீழ்முனையில் பெண்கள். உனாயிசியும் அங்கேதான், கோணியால் மூடிய எதையோ பின்னால் வைத்துக்கொண்டு.

நேமானி வேர்க்கட்டு ஒன்றை வைத்து முறையாகப் பேசினார். சாக்கியூசா அதைத் தொட்டார், தட்டினார். நேமானி முகம் மலர்ந்து, பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"என்ன தம்பி எழுதுறீங்க?"

"ஊர் சம்மதம்னு போடுறேன் ஐயா. நீங்கதான் தட்டிட்டீங்களே."

பாய் முழுக்கச் சிரிப்பு எழுந்தது. சாக்கியூசா மட்டும் சிரிக்கவில்லை.

"அது நீங்க வாசல் தாண்டினதுக்கு வெச்ச கட்டு. உள்ள வரச் சொன்னோம், அவ்வளவுதான். வந்த விஷயத்தக் கேக்கறதுக்கு இன்னொரு கட்டு வேணும். உங்க அம்மா எந்த ஊரு? அவங்க சொல்லித் தரலையா? இல்ல, தெரிஞ்சேதான் ஒண்ணோட வந்தீங்களா?"

"சத்தியமா தெரியாது ஐயா! இன்னொண்ணு இல்லியே... புதுக் கொடிப் படங்களோட பட்டியல நாளைக்கு மூடுறாங்க."

"அப்ப பேச்சு இல்ல. டீ குடிச்சிட்டுக் கெளம்புங்க."

எவ்வளவு நிம்மதி சாக்கியூசாவின் முகத்தில்! தட்டவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். ஊர் வாயே திறக்காமல் தப்பித்தது. அவர் டீக்குக் கை காட்டியபோதுதான் கீழ்முனையில் கோணி விலகும் சத்தம் கேட்டது. ஒரு முழு யங்கோனாச் செடி, வேரோடும் தண்டோடும், கைக்குக் கை மாறிப் பாயின் மேல் நகர்ந்து வந்து அவர் முன்னால் நின்றது.

இது யார் அனுப்பியது? அவர் குனிந்தார். கட்டைவிரல் வேருக்குள் போனது. செம்மண். கருந்தண்டு. மூன்றாவது கணுவில் ஒரு வளைவு.

"இது என் தோட்டத்துச் செடி" என்றார் மெதுவாக. "மெசாகே கப்பலேறின வருஷம் நான் வெச்சது. இதத் தோண்டினது யாரு?"

"நான்தாம்பா."

உனாயிசி எழுந்து நிற்கவில்லை. மேல்முனையைப் பார்த்து யாரும் அங்கே எழுந்து நிற்பதில்லை. உட்கார்ந்தபடியே தலையைக் குனிந்து சொன்னாள்.

"பட்டணத்து ஆளு ஒரு கட்டோடதான் வருவார்னு எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் உங்ககிட்டருந்து வந்ததுதான். அவர் பட்டியலுக்கு நானும் ஒரு கொடிப் படம் வரைஞ்சிருக்கேன். ஊர் ஒத்துக்காம அனுப்ப எனக்கு மனசு வரல."

அட்டைக் குழாயும் கைக்குக் கை மாறி வந்தது. ஆளில்லை, ரகசியக் கடிதம் இல்லை. அவர் ஒரு மாதமாகத் துருவிய மர்மம் ஒரு தாளாகச் சுருள் விரிந்தது. அவர் முதலில் தாளைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்தார். வெறுமை. முன்பக்கம் திருப்பினார்.

"மூலையில என்ன வெச்சிருக்க?"

"ஒண்ணும் வெக்கல."

"ஏன்?"

"அண்ணன் மேல போத்தியிருந்த அதே நீலம்ப்பா. ரெண்டு சனிக்கிழமை சூவாவுல தேடியும் கடையில கெடைக்கல. நீங்க ஆத்துக்குப் போனப்ப பெட்டியத் தொறந்து, பக்கத்துல வெச்சுப் பாத்துப் பாத்துக் கலந்தேன். மூலையில இருந்தத மட்டும் எடுத்தேன். அந்த எடத்துலயும் அவன் நீலத்தையே விட்டுட்டேன்."

நேமானி, "ஐயா, நான் விளக்கிச் சொல்லட்டுமா?" என்று வாயெடுத்தார்.

"செடி உங்களது இல்ல தம்பி. கேக்கறதும் நீங்க இல்ல."

தலைவர் ஒருமுறை இருமினார். முடிவு சொல் என்று அர்த்தம். தள்ளிவிட்டால் பெட்டியிலிருக்கும் கொடி கொடியாகவே இருக்கும். பெற்ற மகள் ஊர் நடுவே தலைகுனிந்து போவாள். தட்டிவிட்டாலோ? சாக்கியூசா தாளை முகத்தருகே கொண்டுபோனார். அந்த நீலத்தை முகர்ந்தார் என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். கண்கள் கலங்கி வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. செடியைத் தள்ளவும் இல்லை, தட்டவும் இல்லை.

கைகளைப் பாயில் ஊன்றி, முழங்கால் வலியோடு, தலைவருக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து ஓர் ஆள் அகலம் நகர்ந்தார். காலியான இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை துடைத்தார். பிறகு கதவோரம் இருந்த மகளைப் பார்த்து, அங்கே வந்து உட்காரக் கை காட்டினார்.