கமாக்காவின் இடது கண்

புத்தகப் பக்கங்களைக் கணினியில் வடிவமைத்துத் தரும் எங்கள் அலுவலகத்தில் அந்த அம்மாவைக் கமாக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினெட்டு வருடமாக அவருக்கு ஒரே வேலை. சாய்வெழுத்துச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் கமா நேராக இருக்கிறதா, அதுவும் கூடவே சாய்ந்துவிட்டதா என்று பார்ப்பது. சொல் சாயலாம், கமா சாயக் கூடாது. எங்களுக்கு வேலை தரும் பதிப்பகத்தின் விதி அது.

அவர் உள்ளே வந்தால் யாராவது குரல் கொடுப்பார்கள்: "கமாக்கா வர்றாங்க, நிமிர்ந்து உக்காருங்கப்பா!"

"உன் முதுகை நிமிர்த்துறதுக்கு எனக்குச் சம்பளம் தரலைடா."

அவர் பார்த்து முடித்த பக்கங்கள் என்னிடம் வரும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதுதான் முதல் வேலை. அவர் விட்ட பிழைகளைப் பட்டியல் போட்டு அவருக்கும் மேலாளருக்கும் அனுப்ப வேண்டும். முதல் மாதம் இரண்டே இரண்டு. அப்புறம் ஒரே வாரத்தில் பதினேழு. சர்க்கரை நோயால் இடது கண்ணில் ஏற்கெனவே ஊசி போட்டுக்கொண்டவர். கணவர் இல்லை, மகள் பள்ளியில் படிக்கிறாள். பட்டியல் நீண்டால் மேலாளர் அவரை வைத்துக்கொள்ள மாட்டார். சாய்ந்த கமாக்களை நானே நிமிர்த்திவிட்டு, 'பிழை இல்லை' என்று அனுப்பினேன். நான்கு மாதம் அப்படி. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு மதியம் படியில் கால் தவறி விழுந்தார். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். இடது கண்ணுக்குள் மாதக்கணக்கில் ரத்தம் கசிந்து விழித்திரை கெட்டுவிட்டது, இனிப் பார்வை திரும்பாது என்றார் முன்பு ஊசி போட்ட டாக்டர்.

"லேசா மங்கினாலே வரச் சொன்னேனேம்மா?"

"மங்கினா என் பிழைப் பட்டியல்ல தெரியுமே சார். ஒரு கமாவைக்கூட விடலையே, கண்ணுக்கு என்ன கேடுன்னு இருந்துட்டேன்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என்னைப் பார்க்க அவர் முழுத் தலையையும் திருப்ப வேண்டியிருந்தது.

"போன வாரம் எத்தனை?"

"நாற்பத்தொண்ணு, அக்கா."

"நீ மறைக்க ஆரம்பிச்சப்போ?"

"பதினேழு."

"அப்பவே சொல்லியிருந்தா வேலை மட்டுந்தானேடி போயிருக்கும்."

அவர் மீது இரக்கப்பட்டேனா, கெட்ட செய்தி சொல்லப் பயந்தேனா, இன்றுவரை எனக்கே தெரியவில்லை.

நர்ஸ் ஒரு சீட்டை நீட்டினார். கமாக்கா அதை வாங்கி என் மடியில் வைத்தார்.

"வலது கண்ணைப் பத்தி என்ன எழுதியிருக்காருன்னு வாசி. எனக்காக எதையும் விட்டுடாத."